ஏலியனைத் தேட இரண்டு லட்ச ரூபாய் மெஷின் வேண்டுமா?

கேள்வி: வயது 64, ஓய்வுபெற்றுவிட்டேன். வேலை பார்த்த காலம் முழுக்க கம்ப்யூட்டர்தான். முன்பு வீட்டு பி.சி.யில், ஏலியன் சிக்னல் தேடும் செட்டி அட் ஹோம் மென்பொருளை ஓடவிட்டு அந்த வண்ணக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நேரம் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டோடு ஒரு மெஷின் வாங்கி மறுபடி இறங்கலாம் என்றால் மனைவி கரண்ட் பில்லைக் காட்டுகிறார், மகன் சிரிக்கிறான். இந்த வயதில் இது வெட்டி வேலையா? (மதுரை வாசகர்)

பதில்: வெட்டி வேலை இல்லை சார், தாராளமாக இறங்குங்கள். ஆனால் மெஷின் வாங்காதீர்கள்.

முதலில், நீங்கள் ஓட்டிய செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31-ஓடு வீடுகளுக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. 1999-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக்காரர்கள் ஆரம்பித்தபோது போர்ட்டோ ரிக்கோவிலிருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகள் குவிந்துகிடந்தன, அலசத்தான் கம்ப்யூட்டர் போதவில்லை, அதனால் 107 விநாடித் துண்டுகளாக நறுக்கி உங்களைப் போன்றவர்களுக்கு அனுப்பினார்கள். நீங்கள் எல்லாரும் சேர்ந்து சுமார் 1200 கோடி சந்தேக சிக்னல்களைத் திருப்பி அனுப்பினீர்கள். அதைச் சலித்துச் சலித்து நூறாக்குவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன, அரெசிபோவே 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது, அந்த நூறையும் திரும்பப் பார்க்கும் வேலை சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கிக்குப் போயிற்று. ஆக, பற்றாக்குறை இப்போது சலிப்பதில்தான்.

அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஏலியன் சிக்னல் தேடும் பிரேக்த்ரூ லிசன் திட்டம் தன் தொலைநோக்கிப் பதிவுகளில் பெரும் பங்கை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது, அதை அலசும் டர்போசெட்டி மென்பொருளும் இலவசம், பைத்தான்தான், இப்போது இருக்கும் லேப்டாப்பிலேயே ஓடும். பழகுவதற்கு வாயேஜர் 1 விண்கலத்தின் சிக்னல் பதிவு ஒன்று இருக்கிறது, அதில் ஆரம்பியுங்கள். படம் வரைந்து பார்த்தால் (குறுக்கே அலைவரிசை, மேலும் கீழுமாக நேரம்) நடுவில் மெல்லிய சாய்ந்த கோடு ஒன்று, இருபக்கமும் அதைவிட மங்கலாக இன்னும் இரண்டு. பூமி சுற்றுவதால் தொலைவிலிருந்து வரும் சிக்னலின் அலைவரிசை மெல்ல நகரும், அதனால்தான் அந்தச் சாய்வு. பக்கத்து டவரிலிருந்து வருவது பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும்.

சாய்ந்ததெல்லாம் ஏலியன் என்று குதித்துவிடவும் கூடாது. ஐந்து நிமிடம் நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள், அடுத்த ஐந்து நிமிடம் டிஷ்ஷை விலக்கி வேறு பக்கம் பார்ப்பார்கள், இப்படி மூன்று முறை. விலக்கியபோதும் சிக்னல் தெரிந்தால் அது நம்மூர்ச் சரக்கு. 2019-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி பக்கமிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் ஒன்று கிடைத்தது, இந்தச் சோதனையையும் தாண்டியது. அதைக் கண்ணில் பிடித்தவர் இன்டர்ன்ஷிப்புக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர்! கடைசியில் அதே நடத்தையோடு வேறு அலைவரிசைகளிலும் சிக்னல்கள் சிக்கின, எல்லாம் மனிதர்களின் மின்னணுச் சாதனங்கள் போட்ட சத்தம் என்று 2021-ல் முடிவானது. எனக்கு இதில் பிடித்ததே அந்தத் துப்பறியும் பகுதிதான், ஆயுள் முழுக்க கம்ப்யூட்டரில் பக் (பிழை) தேடியவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை என்ன இருக்கிறது?

கரண்ட் விஷயத்தில் உங்கள் வீட்டம்மா சொல்வது நியாயம். 300 வாட் மெஷினை ராப்பகலாக ஓடவிட்டால் ஒரு நாளைக்கு ஏழு யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத ரீடிங்கில் 430-ஐத் தாண்டும், வீட்டுச் செலவோடு சேர்ந்து 500-ஐக் கடந்தால் ஸ்லாபே மாறிவிடும். சும்மா இருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் எதையாவது கணக்குப் போட வேண்டும் என்ற ஆசை விடவில்லையென்றால் செட்டி அட் ஹோம் மாதிரியே வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஓடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் இன்னும் நடக்கிறது. அது ஏலியனைத் தேடுவதில்லை, பல்சார்களை, அதாவது வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாகச் சிக்னல் தரும் இறந்த நட்சத்திரங்களைத் தேடுகிறது, வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மூலமாக நிஜமாகவே கண்டுபிடித்தும் இருக்கிறது. பகலில் சில மணி நேரம் மட்டும் ஓடும்படி அதில் செட்டிங் உண்டு.

அப்புறம், எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்று கை அரித்தால் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். அந்தப் பதிவுகளில் பல, ஒவ்வொன்றுமே பல ஜி.பி. இருக்கும்.