43 வயதில் தாதியாகலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 18 ஆண்டுகள் இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. தாதியர் பற்றாக்குறை என்று எங்கும் பேசுகிறார்கள். என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள்.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் வயது தடையே இல்லை. வேறு துறையிலிருந்து வரும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டம் இருக்கிறது. முதலில் ஒரு மருத்துவமனையோ வேறு சுகாதார நிறுவனமோ நேர்காணலில் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவுபெற்ற தாதியாவதற்கு இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. கட்டணத்துக்கு ஆதரவும் மாதப் படித்தொகையும் உண்டு. படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் உங்களைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்திலேயே வேலை செய்ய ஒப்பந்தம் போடுவார்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பத்தியை, கையெழுத்துப் போடுமுன் கணவருடன் உட்கார்ந்து படியுங்கள்.

தேவை உண்மையானதுதான். 2030இல் நம் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். தாதியர், துணைநிலைச் சுகாதார ஊழியர், ஆதரவுப் பராமரிப்பு ஊழியர் ஆகியோரின் எண்ணிக்கை 58,000இலிருந்து 82,000ஆக உயர வேண்டும் என்று சுகாதார அமைச்சு கணக்கிட்டது. ஆனால், புதிதாக ஆள் எடுத்தால் மட்டும் இது தீராது. 2021ஆம் ஆண்டில் பொதுச் சுகாதாரத் துறையின் உள்ளூர்த் தாதியரில் 7.4 விழுக்காட்டினரும் வெளிநாட்டுத் தாதியரில் 14.8 விழுக்காட்டினரும் விலகினார்கள். ஒருவர் போனால், மீதி இருப்பவர்களின் தோளில் அவருடைய நோயாளிகளும் ஏறுவார்கள். அதனால், சேர முடியுமா என்பதைவிட நிலைத்திருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவுப் பணியைத்தான் சொல்கிறேன். வார்டில் காலைப் பணியும் இரவுப் பணியும் மாறி மாறி வரும். படிக்கும்போதே பயிற்சிக்காக வார்டில் நிறுத்துவார்கள். ஆகவே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார், காய்ச்சல் வந்தால் உடனிருப்பது யார் என்பதை முதல் பருவத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். இரவு வேலை அறவே முடியாது என்றால், பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போன்ற பகல்நேர இடங்களை நேர்காணலிலேயே வெளிப்படையாகக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2024இல் அறிவித்த ‘ஏஞ்சல்’ திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொதுத்துறைத் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை தவணைகளாகக் கிடைக்கும். அதில் 46 என்ற வயது வரம்பு இருக்கிறது. படித்து முடிக்கும்போது உங்களுக்கு 45 ஆகியிருக்கும். எனவே உங்களுக்கு என்ன பொருந்தும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை நம்பி மட்டும் வர வேண்டாம்.

உங்களிடம் இருக்கும் ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை: தமிழ். நான் வார்டில் தாதியாக வேலை பார்த்த காலத்தில், மறதிநோயால் மற்ற மொழிகள் எல்லாம் உதிர்ந்து தமிழ் மட்டும் மிஞ்சிய பாட்டி ஒருவர் இருந்தார். நள்ளிரவில் ‘மரத்துப்போச்சு’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கறையான ஓர் இளம் வெளிநாட்டுத் தாதி முதலில் தண்ணீர் கொடுத்தாள். அடுத்து கழிப்பறைக்கு அழைத்துப் போகப் பார்த்தாள். நான் போய் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலது கெண்டைக்காலை மெல்லத் தேய்த்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிட்டார். எந்தத் தகுதிச் சான்றிதழிலும் இது வராது. நேர்காணலில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

தாதிமைதான் வேண்டும் என்றும் இல்லை. நோயாளி வீடு திரும்பியபின் தேவைப்படும் உதவிகளை ஒருங்கிணைப்பவர்கள், சிகிச்சை உதவியாளர்கள் ஆகியோரும் தேவைப்படுகிறார்கள். கணக்கும் கோப்பும் கையாண்டு பழகிய உங்களுக்கு ஒருங்கிணைப்பு வேலை நன்றாகவே அமையலாம்.

விண்ணப்பிக்குமுன், வீட்டுக்கு அருகிலுள்ள தாதிமை இல்லத்தில் நான்கு சனிக்கிழமைகள் தொண்டூழியம் செய்யுங்கள். உணவு ஊட்டும் நேரத்தில் போங்கள். ஒரு கிண்ணம் கஞ்சியை ஊட்டி முடிக்க அரைமணி நேரம் ஆகும். நான்காவது சனிக்கிழமையும் போக மனம் வந்தால், திங்கட்கிழமையே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.