கொத்துக் கடைப் பங்கில் பாதியை விற்று பாதியை வைக்கலாமா?

கேள்வி:

வணக்கம் ஐயா. நாங்கள் கல்லடி. 2003இல், சமாதான காலத்தில், அப்பாவின் நண்பர் மட்டக்களப்பு நகரில் நடத்திய கொத்துக் கடையைக் கம்பனியாகப் பதிந்தபோது அப்பாவும் 6 இலட்சம் ரூபாய் போட்டார். சுனாமி, சண்டை எல்லாம் தாண்டி இன்று ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று ஒன்பது கிளைகள். கல்லடிக் கிளை எங்கள் வளவின் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. மாத வாடகை 85,000 ரூபாய். எழுத்தில் எதுவும் இல்லை.

இப்போது கொழும்பிலும் சிங்கப்பூரிலும் உள்ள முதலீட்டாளர்கள் சேர்ந்து கம்பனியை வாங்குகிறார்கள். மொத்தம் 31 பங்காளர்கள். பெரிய பங்காளர்கள் நால்வரும் விற்கிறார்கள், சிறியவர்கள் விரும்பினால் விற்கலாமாம். அப்பாவின் 6 வீதத்துக்கு 240 இலட்சம் பேசியிருக்கிறார்கள். 180 இலட்சம் கையெழுத்து வைக்கும் அன்று தருவார்கள். மிச்சம் 60 இலட்சம், இரண்டு வருடத்தில் கம்பனி இலாப இலக்கை எட்டினால். கடந்த மூன்று வருடமும் இலாபப்பங்காக வருடத்துக்கு 9 இலட்சம் வந்தது.

அப்பாவுக்கு 74 வயது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்குப் போய், கல்லுக்குப் பக்கத்து மேசையில் இருந்து ஒரு பிளேன்டீ குடிக்காவிட்டால் அவருக்குக் கிழமை முடியாது. "ஊர்க் கடையை வெளியாளுக்குக் கொடுப்பதா, அங்கே நிற்கிற பொடியன்களின் கதி என்ன" என்கிறார். பாதியை விற்று பாதியை வைத்திருப்போம் என்பது தம்பியின் யோசனை. இதற்கிடையில் வாட்ஸப் குழு ஒன்றில் ஆளுக்கு ஒரு இலட்சம் சேர்த்து ஊராரே வாங்குவோம் என்கிறார்கள். அப்பா அதற்கும் காசு கொடுக்கப் பார்க்கிறார். என்ன செய்வது?

பதில்:

சகோதரி, நீங்கள் அனுப்பிய பங்குச் சான்றிதழின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காக மடித்த கோடு, ஓரத்தில் துருப்பிடித்த கம்பி, நடுவில் "பத்து ரூபாய்ப் பங்குகள் 60,000". மேலே இருப்பது கம்பனியின் பழைய பதிவு இலக்கம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வந்த பிறகு பழைய கம்பனிகள் மறுபதிவு செய்து புதிய இலக்கம் எடுத்தன. அதற்குப் பிறகு உங்களுக்குப் புதுச் சான்றிதழ் எதுவும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்தத் தாளில் பங்கின் எண்ணிக்கைதான் இருக்கிறது, வீதம் இல்லை. 2003இல் மொத்தம் 10 இலட்சம் பங்கு இருந்தால் 60,000 என்பது 6 வீதம். இடையில் கிளை திறக்கக் காசு தேவைப்பட்டு இன்னும் 2 இலட்சம் பங்கு வெளியிட்டிருந்தால் அதே 60,000 இன்று 5 வீதம்தான். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கம்பனி கொடுத்திருக்கும் கடைசி வருடாந்த விவரத்திரட்டின் பிரதியை எடுங்கள். யாருக்கு எத்தனை பங்கு என்று அதில் இருக்கும். 240 இலட்சத்தை 60,000ஆல் பிரித்தால் பங்குக்கு 400 ரூபாய். பெரிய பங்காளர்கள் நால்வருக்கும் அதே 400தானா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டுப்பாட்டைக் கொடுப்பவருக்குக் கூட விலையும் சிறியவருக்குக் குறைந்த விலையும் கொடுப்பது இந்த மாதிரி விற்பனைகளில் சாதாரணமாக நடக்கிற காரியம். கேட்காதவருக்கு யாரும் கூட்டித் தர மாட்டார்கள்.

இனி, பாதி பாதி யோசனை. தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் வழிகளில் மிக மோசமானது அதுதான். பங்காளர் ஒருவரை நசுக்கும் விதமாகக் கம்பனியை நடத்தினால் நீதிமன்றம் போக அதே கம்பனிகள் சட்டத்தின் 224ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் 226ஆம் பிரிவு ஒரு வாசற்படி வைத்திருக்கிறது: வழக்குப் போடுபவர் அல்லது சேர்ந்து போடுபவர்கள் பங்காளர் எண்ணிக்கையில் 5 வீதமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாக்குரிமையில் 5 வீதமாவது வைத்திருக்க வேண்டும், அதுவும் ஆறு மாதமாக. 31 பேரில் ஒருவர் 5 வீதம் ஆக மாட்டார். இன்று 6 வீதத்தோடு அப்பா தனியாக அந்தப் படியைத் தாண்டுவார். 3 வீதமாகக் குறைத்த மறுநாள் மற்றவர்களின் கையைப் பிடித்துத்தான் தாண்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் இலாபப்பங்கு. இப்போது வருகிற 9 இலட்சம் உரிமையாக வருவதல்ல, அப்பாவின் நண்பர் வருடா வருடம் பிரித்துக் கொடுக்கிற பழக்கத்தால் வருகிறது. வெளி முதலீட்டாளர்கள் இலாபத்தைக் கம்பனிக்குள்ளேயே வைத்துக் கிளை திறப்பார்கள், ஐந்தாறு வருடத்தில் முழுதாக இன்னொருவருக்கு விற்பார்கள். அவர்கள் காசு பார்ப்பது அன்றைக்குத்தான். அதுவரை அப்பாவின் மிச்சப் பங்குக்கு ஒரு சதம் வராமல் போகலாம். புதுப் பங்கு வெளியிட்டால் தன் வீதத்தைக் காப்பாற்ற அப்பாவும் காசு போட வேண்டும். 74 வயதில் அது தேவையா?

வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் தெக்சாஸ் மாநிலத்தில் வாட்டாபர்கர் என்று ஒரு பேர்கர் கடை. 1950இல் கோர்பஸ் கிறிஸ்டி என்ற துறைமுக நகரில் தொடங்கியது. தெக்சாஸ்காரருக்கு அது வெறும் சாப்பாட்டுக் கடை இல்லை, ஊரின் அடையாளம். 2019 ஜூனில் உரிமையாளர்களான டொப்சன் குடும்பம் அதன் பெரும்பங்கைச் சிக்காகோவின் பிடிடி கெப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. மாநிலமே கொதித்தது. ஹூஸ்டன் அணியின் விளையாட்டு வீரர் ஜே.ஜே. வாட், எல்லோரும் சேர்ந்து காசு போட்டுத் திருப்பி வாங்குவோம் என்று எழுதினார். உங்கள் வாட்ஸப் குழுவும் அதே மனதோடுதான் பேசுகிறது. கடை மூடவில்லை, மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. டொப்சன் குடும்பம் ஒரு சிறுபங்கை வைத்துக்கொண்டது. தம்பி சொல்வதும் இதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் குடும்பம் பெரும்பங்கை விற்கும் இடத்தில் உட்கார்ந்து, மிச்சத்துக்கான நிபந்தனையைப் பேசிவிட்டு வைத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் இருந்தது. அப்பாவுக்கு அந்த மேசையில் கதிரை இல்லை. மிச்சத்தை வைத்தே ஆகவேண்டும் என்றால், குறித்த வருடத்தில் குறித்த கணக்கு முறையில் அதை அவர்கள் வாங்கியே தீர வேண்டும் என்ற வாசகம் பங்காளர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் முழுவதையும் விற்றுவிடுங்கள். என் முடிவு அதுதான்.

60 இலட்சத்தை இன்றே மறந்துவிடுங்கள். இலாப இலக்கை எட்டினார்களா என்ற கணக்கை எழுதப் போவது வாங்குபவர். தலைமை அலுவலகக் கட்டணம், முகாமைத்துவக் கட்டணம், விளம்பரச் செலவு என்று இரண்டு வரி சேர்ந்தாலே இலாபம் இறங்கிவிடும், அதில் ஒரு பொய்யும் இருக்காது. 180க்கு விற்கச் சம்மதமா என்று உங்களையே கேளுங்கள். சம்மதம் இல்லையென்றால் 200 கேளுங்கள், 60ஐ விட்டுக் கொடுங்கள். கைக்கு வருகிற 20, எழுத்தில் நிற்கிற 60ஐ விடப் பெரிது.

உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம் அந்த 6 வீதம் இல்லை, வளவின் முன்பக்கம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். வாங்குபவரின் சட்டத்தரணிகள் ஒவ்வொரு கிளைக்கும் குத்தகைப் பத்திரம் எங்கே என்று கேட்டே தீருவார்கள். கல்லடிப் பாலம் தாண்டி வருகிற சனத்துக்கு முன்னால் நிற்கிற கிளை அது, அதை இழக்க அவர்களுக்கு மனம் வராது. ஆகவே பங்கு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முந்தியே, அல்லது அதே நாளில் அதே மேசையில், ஐந்து வருடக் குத்தகையை எழுதுங்கள். வருடாந்தம் வாடகை எவ்வளவு கூடும், முற்பணம் எவ்வளவு, புகைபோக்கியும் கழிவு எண்ணெயும் யார் பொறுப்பு, கடையை எடுத்தால் சுவரைப் பழையபடி கட்டித் தருவது யார் எல்லாம் அதில் இருக்கட்டும். காணிப் பதிவகத்திலும் பதிந்துவிடுங்கள். பங்கை விற்ற பிறகு வாடகை பேசப் போனால் நீங்கள் வெறும் வீட்டுக்காரர்தான்.

அப்பா கையெழுத்து வைக்கும் பத்திரத்தில் இன்னொன்றையும் பாருங்கள். விற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து "கம்பனிக்கு மறைந்த கடன் இல்லை, வரி பாக்கி இல்லை" என்று உத்தரவாதம் கொடுப்பதாக எழுதியிருப்பார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே இராத ஒருவர் அதற்குப் பொறுப்பேற்கக் கூடாது. இந்தப் பங்கு என்னுடையது, அடகில் இல்லை, விற்க எனக்கு உரிமை உண்டு: அப்பா கொடுக்க வேண்டிய உத்தரவாதம் இவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் வேறொரு தொழிலில் இதைக் கவனிக்காமல் கையெழுத்து வைத்து, மூன்று வருடம் கழித்து வந்த வரிக் கடிதத்துக்குப் பங்கு விற்ற காசில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்.

வரி. பங்குச் சந்தையில் நிரல்படுத்தாத கம்பனியின் பங்கை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. தனியாட்களுக்கு அது 2025 ஏப்ரல் 1 முதல் 15 வீதம். ஆதாயத்தை 2003இன் 6 இலட்சத்திலிருந்து கணக்கிட வேண்டாம். 2017 செப்டம்பர் 30 அன்று கையில் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்கவிலை. ஒரு பட்டயக் கணக்காளர் அந்தத் திகதிக்கு மதிப்பிட்டு 100 இலட்சம் என்று அறிக்கை தந்தால், 180க்கு ஆதாயம் 80, வரி 12 இலட்சம். அறிக்கை இல்லாமல் 6 இலட்சத்தைக் கழித்தால் வரி 26 இலட்சம் தாண்டும். கணக்காளரின் கூலி அந்த வித்தியாசத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

அந்தக் கணக்குப்படி மிஞ்சும் 168 இலட்சத்தை ஒரே வங்கியில் போடாதீர்கள். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரசின் உத்தரவாதம் இருக்கிறது, அரசின் குறுங்காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலும் இருக்கிறது. வட்டி 8 வீதம் என்று வைத்தால் வருடம் 13 இலட்சத்துக்கு மேல் வரும், இன்றைய 9 இலட்சத்தைவிடக் கூட. வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிப்பார்கள். வாடகையும் சேரும்போது வருமான வரியின் வருடாந்த 18 இலட்ச விலக்கைத் தாண்டும், வரி விவரத்திரட்டு கொடுக்க வேண்டிவரும். 2022இல் கொழும்பு விலைச்சுட்டெண் 70 வீதம் வரை ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் முழுவதையும் நீண்டகால வைப்பில் பூட்டாமல், கொஞ்சத்தை மூன்று மாதம், ஆறு மாதம் என்று புதுப்பிக்கும்படி வையுங்கள்.

வாட்ஸப் குழுவுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். தனியார் கம்பனியில், ஊழியர்களைத் தவிர்த்து, 50 பங்காளர்களுக்கு மேல் இருக்க முடியாது. பொதுமக்களிடம் பங்கு விற்கவும் முடியாது. இருநூறு பேர் தலா ஒரு இலட்சம் போட்டால் அந்தக் காசு யாரோ ஒருவரின் தனிக் கணக்கில்தான் கிடக்கும். சேர்ப்பவர் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். அப்போதும் உங்கள் இலட்சத்துக்கு ஒரு தாள்கூட இராது.

கடைசியாக, அந்தப் பொடியன்கள். அப்பாவின் கவலை சரியான கவலை, அதற்கு விடையும் இருக்கிறது. கம்பனியின் பங்குகள் கைமாறினால் முதலாளி அதே கம்பனிதான், பொடியன்களின் சேவைக்காலம் அறுவதில்லை. கம்பனியை விட்டுவிட்டு கடைகளையும் பெயரையும் மட்டும் புதுக் கம்பனிக்கு விற்றால் சேவை அங்கேயே முடிகிறது. ஐந்து வருடம் பூர்த்தியானவர்களுக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை அப்போதே கொடுக்கப்பட வேண்டும். சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதமும் தொழிலாளியின் 8 வீதமும் பாக்கியில்லாமல் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்பா இன்னும் பங்காளர். விற்பனைக்கு முன்னால் கூட்டத்தில் எழுந்து இந்த இரண்டையும் கேட்டு, பதிலைக் கூட்ட அறிக்கையில் பதியும்படி சொல்ல அவருக்கு உரிமை உண்டு. விற்ற மறுநாள் இராது. பதினைந்து வருடமாகக் கல்லில் கொத்துப் போடுகிற ஒரு பொடியனுக்கு அப்பா செய்யக்கூடிய பெரிய உதவி, 3 வீதப் பங்கைப் பெட்டிக்குள் வைத்திருப்பதைவிட இதுதான்.

இந்தக் கிழமை விவரத்திரட்டின் பிரதியையும் கம்பனியின் அமைப்பு விதிகளையும் எடுங்கள். ஒப்பந்த வரைவு வந்ததும் உத்தரவாதம் பற்றிய பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், அப்பா பேனாவை எடுக்க முந்தி.