மச்சான் அனுப்பிய கணக்கும் உங்கள் ரெண்டு வட்டியும்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 44. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க 3 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கி இரண்டு வருடமாகிறது. இப்போது தங்கை வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு 1 லட்சம் கேட்கிறார்கள். அதையும் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். வீட்டில் 10 பவுன் இருக்கிறது, அடகு வைக்க மனசில்லை. அமெரிக்காவில் மருத்துவத்துக்குத் தலைக்கு 13,000 டாலருக்கு மேல் ஆகிறது, இந்தியாவிலும் ஏறும் என்று அங்கிருக்கும் மச்சான் பயமுறுத்துகிறார். முதலீடும் சேர்ந்த பாலிசி, வருடம் 1.2 லட்சம் பிரீமியம். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம்.

மச்சானின் எண் சரிதான். 2022-இல் அங்கே தலைக்குச் சுமார் 13,500 டாலர். இந்தியாவில் 2021-22 கணக்குப்படி 6,602 ரூபாய். அவர் சொல்லாமல் விட்டது, அந்தப் பணத்தை யார் கட்டுகிறார்கள் என்பது. அங்கே மக்கள் கைக்காசு 11 சதவீதம்தான். இங்கே 39 சதவீதம், அதாவது தலைக்கு 2,600 ரூபாய். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் சராசரி அப்படித்தான். ஒன்பது வீட்டில் இருமல் மருந்து, பத்தாவது வீட்டில் ஸ்டென்ட். பத்தாவது வீடு உங்களுடையது.

அந்த அடியையும் தாங்கியிருப்பீர்கள். வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரியில் கட்டும் பழக்கம்தான் ஆளைச் சாய்க்கிறது. மாதம் 6,000 வீதம் இதுவரை 1,44,000 போயிருக்கும், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. நகையை வங்கியில் வைத்து இந்த 3 லட்சத்தை அடைத்துவிட்டால், வட்டி வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம்தான். அதே 6,000-ஐ மாதாமாதம் அங்கே கட்டுங்கள், வருடா வருடம் கடனைப் புதுப்பித்துக்கொண்டே வந்தாலும் ஐந்தரை வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பீரோவில் கிடக்கும் தங்கத்துக்காக வருடத்துக்கு 24 சதவீதம் கட்டுவது என்ன சிக்கனமோ!

உங்களுக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் 10 லட்சத்துக்குச் சாதாரண குடும்ப பாலிசி போதும். பிரீமியம் ஏறத்தாழ 25,000 முதல் 30,000. முதலீட்டை அதில் கலக்காதீர்கள். அப்பாவின் செக்கப்பை ஜி.எச். சூப்பர் ஸ்பெஷாலிட்டிக்கு மாற்றலாம்.

தங்கைக்குக் கையில் இருப்பதைக் கொடுங்கள், கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவர்கள் வருட வருமானம் 1.2 லட்சத்துக்குள் என்றால் முதல்வர் காப்பீட்டில் 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்கு ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே போகச் சொல்லுங்கள்.