முதலில் ஒரே ஒரு பையின் கணக்கைப் போடுங்கள்

கேள்வி: ஏழைக் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. நன்கொடை குறைந்துகொண்டே வருகிறது. குழந்தைகளின் தாய்மார்களை வைத்துத் துணிப்பை தைத்து விற்று, அந்த லாபத்தில் வகுப்புகளை நடத்த முடியுமா?

பதில்: விற்கலாம். ஆனால் அந்த லாபத்தை நம்பி ஆசிரியர் சம்பளத்தை இப்போதே திட்டமிடாதீர்கள்.

ஒரு பைக்கு என்னென்ன செலவு ஆகிறது என்று எழுதிப் பாருங்கள். துணி, நூல், கைப்பிடி ஆகியவற்றை எல்லோரும் எழுதுவார்கள். வெட்டும்போது வீணாகும் துண்டு, தையல் பிரிந்து திரும்பி வரும் பை, கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் கமிஷன், ஆர்டர் தேடி நீங்கள் அலையும் நாட்கள் எல்லாம் விட்டுப்போகும். அறைக்கு வாடகை இல்லை, ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் நன்கொடையிலிருந்து போகிறது என்று அவற்றையும் விட்டுவிட்டால், கணக்கில் தெரிவது லாபமே அல்ல. குழந்தைகளுக்கு வந்த பணம் பையின் விலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல மனிதர்கள் நடத்தும் அமைப்புகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

அடுத்து, உங்களுக்கு வேண்டியது வருமானமா, தாய்மார்களுக்கு வேலையா? 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் வீடுகளில் பழைய துணிமணிகளைச் சேகரித்து, ஏழைகளையே கூலிக்கு அமர்த்திப் பழுதுபார்த்து விற்றார். இன்றைய குட்வில் அமைப்பின் தொடக்கம் அது. அங்கே வேலை கொடுப்பதே தொண்டு. வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருந்தாலும் நோக்கம் நிறைவேறிவிடும். உங்களுக்கோ மிச்சம் வேண்டும். புதிதாகத் தைக்கப் பழகுபவர்களுக்கு நியாயமான கூலியும் கொடுத்து, மிச்சமும் பிடிப்பது கடினம்.

வரியையும் கவனியுங்கள். நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்காக 1947இல் ஒரு மக்ரோனி நிறுவனம் வாங்கப்பட்டது. லாபம் பள்ளிக்குப் போவதால் அதற்கு வரி இல்லை என்பது பெரும் சர்ச்சையானது. 1950இல் அமெரிக்கா, தொண்டு நோக்கத்துடன் தொடர்பில்லாத வணிக வருமானத்துக்கு வரி விதித்தது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே முதல் பை விற்கும் முன்பே தணிக்கையாளரைப் பாருங்கள். தனி நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். எப்படியானாலும் வங்கிக் கணக்கும் கணக்குப் புத்தகமும் தனியாக இருக்கட்டும்.

முன்பணம் தரும் ஒருவரிடம் 100 பைகளுக்கு ஆர்டர் வாங்குங்கள். வாடகை எந்திரத்தில் தைத்து, ஒரு பைக்கு ஆகும் நேரத்தைக் குறித்துவையுங்கள். மூன்று ஆர்டர்கள் முழுச் செலவையும் ஈடுகட்டிய பிறகு சொந்தமாக எந்திரம் வாங்கலாம்.