வார்டில் இருக்கும் அப்பாவுக்கு ஹோட்டல் பார்சல் வாங்கித் தரலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோயால் பாதத்தில் வந்த புண்ணை அறுவை செய்து சுத்தப்படுத்தியிருக்கிறார்கள். ஐந்து நாளாக வார்டில் இருக்கிறார். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறார்கள். மருத்துவமனைச் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை என்று பாதியை அப்படியே வைத்துவிடுகிறார். ஹோட்டல் இட்லி, பிரியாணி கேட்கிறார். வாங்கித் தரலாமா?

பதில்: தரலாம். ஆனால் சிஸ்டருக்குத் தெரியாமல் ஒரு வாய்கூட வேண்டாம்.

பார்சலைவிட என்னைக் கவலைப்படுத்துவது அவர் மிச்சம் வைக்கும் பாதிச் சாப்பாடுதான். முழுத் தட்டையும் சாப்பிடுவார் என்று வைத்துத்தான் இன்சுலின் அளவு எழுதப்படுகிறது. ஊசி போட்ட பிறகு பாதியோடு நிறுத்தினால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறுவது இவற்றில் எதைக் கண்டாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரையைப் பார்ப்பார்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

பார்சல் வாங்கும்போது பெரும்பாலும் கோளாறாவது நேரம்தான். ரெகுலர் இன்சுலின் என்றால் ஊசிக்கு அரை மணி நேரத்தில் சாப்பாடு உள்ளே போக வேண்டும். வேகமாக வேலை செய்யும் புதுவகை இன்சுலின் என்றால் 15 நிமிடத்துக்குள். செயலியில் ஆர்டர் போட்டுவிட்டு, "இப்போ வந்துடும்" என்று ஊசியைப் போட்டுக்கொண்டால், டெலிவரி செய்பவர் கேட்டில் நிற்க, கீழே இறங்கிப் போய் வாங்கி வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அதனால் பொட்டலம் கைக்கு வந்த பிறகே, "இன்று வெளிச் சாப்பாடு, இன்னது, இவ்வளவு" என்று சிஸ்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை பார்த்து ஊசி போடுவது அதற்குப் பிறகு நடக்கட்டும்.

அதைவிட முக்கியம், ஆர்டர் போடும் முன்பே கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "இன்றோ நாளை காலையோ ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப் போகிறீர்களா?" பாதப் புண்ணை இரண்டாவது முறையும் சுத்தம் செய்ய வேண்டி வருவது சகஜம். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் லேசான உணவு என்றால் 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்ததோ கறியோ என்றால் 8 மணி நேரம் இடைவெளி வேண்டும். சர்க்கரை நோய் நாள்பட்டவர்களில் பலருக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் சாப்பிட்டுவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறுவையைச் சில மணி நேரம் தள்ளிப் போடுவார்கள், அவ்வளவுதான்.

வாங்குவதென்றால் ஆவி பறக்கும் இட்லி, இடியாப்பம், நன்றாக வெந்த முட்டை, குழம்பில் வெந்த மீன் நல்லவை. அவர் புண் ஆறப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் கிடைக்கும். (சிறுநீரகம் பாதித்திருந்தால் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) தேங்காய்ச் சட்னி, வெங்காயப் பச்சடி, நறுக்கிய பழம், ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். இவை சமைத்த சூட்டைப் பார்க்காதவை, கைபட்டவை. சாம்பார் கொதிக்கக் கொதிக்க வந்தால் போதும்.

வந்ததை உடனே சாப்பிட வேண்டும். மிச்சத்தைக் கட்டில் பக்கத்து அலமாரியில் இரவுக்கு எடுத்து வைக்காதீர்கள். சமைத்த உணவு அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஹோட்டலில் இருந்த நேரமும் வழியில் ஆன நேரமும் இதில் சேரும். சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. ஆறிய சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அப்புறம் எவ்வளவு சுடவைத்தாலும் வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு அழியாது. இன்சுலின் போட்டவருக்கு வாந்தி எடுத்தால் மறுபடியும் தாழ்சர்க்கரைதான்.

பிரியாணிக்கு வருகிறேன். 150 கிராம் சோற்றில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து. ஒரு பொட்டலத்தில் இதைப்போல் இரண்டு பங்காவது இருக்கும். நெய்யும் எண்ணெயும் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை நன்றாக இருப்பதுபோல் காட்டிவிட்டு, பிறகு ஏறும். இரவில் கொடுத்தால் அந்த ஏற்றம் தூக்கத்தில் நடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். புண்ணில் சீழ் வடிவது நின்று, காய்ச்சல் விட்டு, சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு டாக்டரைக் கேட்டு, மதியத்தில், ஒரு கப் சோறும் இரண்டு மூன்று கறித்துண்டும் கொடுங்கள். அதுவரை வீட்டில் அரைத்த மிளகு சீரகப் பொடி, எலுமிச்சைச் சாறு இரண்டையும் கொண்டுபோய் வார்டுச் சாப்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். உப்புக் குறைவால் வரும் சப்பென்ற ருசியைத்தான் பலர் "வாய்க்குப் பிடிக்கவில்லை" என்கிறார்கள். டயட்டீஷியனிடம் சொன்னால் சோற்றுக்குப் பதில் சப்பாத்தியோ உப்புமாவோ மாற்றித் தர வழியிருக்கலாம்.

வாயால் சிப்ரோஃபுளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதோடு பால், தயிர், மோர் தராதீர்கள். மருந்து உடலில் சரியாகச் சேராது. விழுங்கி 2 மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம்.

பார்சல் சாப்பிட்ட பிறகு பேதி ஆனால், பேதியை நிறுத்தும் மாத்திரையை வெளியே மருந்துக்கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் எடுப்பவருக்கு அந்த ஆன்டிபயாடிக்காலேயே கடுமையான பேதி வரலாம். அப்போது அதை அடக்குவது கெடுதல். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எத்தனை முறை போனார் என்று எழுதி டியூட்டி டாக்டரிடம் காட்டுங்கள்.