கோட்டோபாக்சியை இரண்டாம் நாளில் வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. பி.பி. மாத்திரை எடுக்கிறேன், கட்டுப்பாட்டில் இருக்கிறது. தினமும் 5 கி.மீ. நடப்பேன். ஈக்வடாருக்கு 10 நாள் நடைப்பயணம் போகிறோம். முதல் நாள் தலைநகர் கீட்டோ, மறுநாளே கோட்டோபாக்சி எரிமலையில் மலைக்குடில் வரை ஏற்றம், அப்புறம் கலாபகஸ் தீவுகள். உயரம் ஒத்துக்கொள்ளுமா என்றால், "ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே வரும்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: வேண்டாம். நடைப்பழக்கம் காலுக்கு நல்லது, உயரத்திலிருந்து அது காப்பாற்றாது. ஓட்டப்பந்தய வீரருக்கும் தலைவலி, வாந்தி வரும்.

கீட்டோவே 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோட்டோபாக்சி குடில் 4,864 மீட்டர். வண்டி ஏறக்குறைய 4,600 மீட்டர் வரை போகும், மிச்சம் காலடியில் சரியும் எரிமலை மணலில் ஏற வேண்டும். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குச் சற்றே மேல். உடம்பு இதற்குப் பழகச் சில நாள் ஆகும். சிலிண்டர் அந்த நாட்களுக்கு ஈடாகாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். முதல் மருந்து அதுதான்.

வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதலில் கீட்டோவில் இரண்டு இரவு ஓய்வு. அடுத்து ஒட்டவாலோ சந்தைப் பக்கம் சின்ன நடைகள். பிறகு 3,900 மீட்டரில் கிலோட்டோவா எரிமலை ஏரி. ஏரிக்கரைக்கு இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் உங்கள் மூச்சு எப்படி என்று தெரியும். முடியாவிட்டால் கோவேறு கழுதை வாடகைக்குக் கிடைக்கும். அந்த ஏற்றத்தில் சிரமம் இல்லாவிட்டால் மட்டும் கோட்டோபாக்சி. தீவுகள் கடைசியில்.

"படகுத் தேதி மாறாது, தீவை முதலில் வைத்துக்கொள்ளலாம்" என்பார் ஏஜென்ட். சரி, வைக்கட்டும். ஆனால் தீவில் கழித்த நாட்கள் உயரத்துக்குப் பழகியதாகாது. திரும்பி வந்ததும் மலைக்கான நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவும். உங்கள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பி.பி. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற பெயர் இருந்தால் அதில் சிறுநீரைப் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறது. அசெட்டசோலமைடும் அதே வேலையைச் செய்வதால், இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கலாம். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தாலும் சொல்லுங்கள். அட்டையோடு போய் உங்கள் டாக்டரைக் கேளுங்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

இங்கே பணம் வாங்குபவர் ஒருவர், கீட்டோவில் நடத்துபவர் வேறொருவர். இங்கே பணம் வாங்குபவருக்குக் குடிலின் உயரமே தெரியாது. பயணத்திட்டத்தில் தினமும் ஏறும் உயரம், தூங்கும் உயரம் இரண்டையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். கலாபகஸ் பூங்காக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர், அனுமதி அட்டைக்கு 20 டாலர் தனி. பல விலைப்பட்டியல்களில் இது இருக்காது. நான்கு நாள் படகுப் பயணம் என்பதில் முதல் நாளும் கடைசி நாளும் பெரும்பாலும் அரை நாள்தான்.

தீவில் 16 பேருக்கு ஓர் உரிமம் பெற்ற வழிகாட்டி, விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது, மிக நல்லது. பயணத்திட்டத்தில் உயரத்தை அச்சிட இங்குள்ள ஏஜென்டுகளை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு வரி போடுவதில் என்ன கஷ்டம்? அது வரும்வரை நீங்களேதான் கேட்டு வாங்க வேண்டும்.