பாதியில் நிற்கும் பில்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன் சார். ஒரு பில் முடிவதற்குள் அடுத்த பார்ட்டி வந்து நிற்கிறார். நடுவில் போனில் ஸ்டாக் கேட்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பில்லையும் தனி விண்டோவில் திறக்க வசதி செய்தேன். இப்போது மேலூர் பார்ட்டியின் சேலை உசிலம்பட்டி பார்ட்டி பில்லில் ஏறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் விண்டோக்களைக் குறையுங்கள். பில் போடுகிறவர் ஒரே நேரத்தில் இரண்டு பில் போடுவதில்லை. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போய்த் திரும்புகிறார். தப்பு நடப்பது அந்தத் திரும்பும் இடத்தில்தான். ரோஜர்ஸ், மான்செல் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1995-ல் வெளியிட்ட சோதனைகளில், வேலை மாறப்போவது முன்பே தெரிந்து, தயாராக நேரமும் கிடைத்தவர்களுக்குக்கூட மாறியதும் கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்தது. அதை உங்கள் புரோகிராமால் ஒழிக்க முடியாது. 'எங்கே விட்டோம்?' என்று தேடுவதை ஒழிக்கலாம்.

பில்லைப் பாதியில் நிறுத்திவைக்க, அதாவது 'ஹோல்ட்' செய்ய, ஒரே ஒரு கீ போதும். 'சேமிக்கவா?' என்று கேட்கும் பெட்டி வேண்டவே வேண்டாம். எதிரில் ஆள் நிற்கும்போது அதை யார் படிக்கிறார்கள், என்டரைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நிறுத்திய பில்கள் ஓரத்தில் வரிசையாகத் தெரியட்டும். 'பில் 3' என்று போடாதீர்கள். 'மேலூர், 14 உருப்படி, கடைசியாக சிவப்பு சுங்குடி 2' என்று போடுங்கள். திரும்ப எடுத்தால் கர்சர் விட்ட கட்டத்திலேயே நிற்க வேண்டும், பாதி அடித்த எண்ணிக்கை உட்பட. கடைசி வரி நிறம் மாறித் தெரியட்டும். கையில் இருக்கும் சேலையை ஏற்றியாச்சா இல்லையா என்பதுதானே அவருக்கு வரும் சந்தேகம்! பார்ட்டி பெயர் பில்லின் தலையில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

விண்டோ மாற்றும் ஆல்ட்-டேப் கீ போலக் கடைசியாகத் தொட்ட பில்லை வரிசையில் முன்னால் கொண்டுவராதீர்கள். இரண்டு வேலைக்கு அது அருமையான ஏற்பாடு. ஐந்து பில் நிற்கும்போது வரிசை மாறிக்கொண்டே இருந்தால் கை தடுமாறும். வந்த வரிசையிலேயே விடுங்கள்.

போனில் ஸ்டாக் கேட்டால் பில்லை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு பட்டை திறந்து காட்டிவிட்டு எஸ்கேப்பில் மூடினால் சரி. அப்புறம், ஹோல்டில் இருக்கும் உருப்படிகளை ஸ்டாக்கில் 'ஒதுக்கியது' என்று தனியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அதே சேலையைப் போனில் இன்னொருவருக்குச் சொல்லிவிடுவார்கள்.

'சரக்கு குறைகிறது' போன்ற அறிவிப்பெல்லாம் பில் பிரின்ட் ஆன பிறகு வந்தால் போதும். ஹோல்ட் பில்லைத் தானாக அழிக்காதீர்கள். கணக்கு முடிக்கும்போது பட்டியலாகக் காட்டினால் முதலாளியே பார்த்து முடிவு செய்வார். ஓரத்தில் நிற்கும் ஹோல்ட் பில் வரிசைக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதற்கு, தீபாவளி நெரிசலில் ஒரு சாயங்காலம் கல்லாப் பக்கம் நின்று எத்தனை பில் ஒரே நேரத்தில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.